விதைத்த நாளும் படிவம் ஏற்கும் நாளும்

(குன்றாண்டார்கோவில் வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

விவசாயத்தில் காலம் தவறினால் மற்ற யாவும் தவறும் என்பதை நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆகையால் நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது பயிரின் காலத்தைப் பற்றியதன்று. அந்தக் காலத்தைப் படிவத்தில் குறிக்கும்போது நேரிடும் ஒரு சங்கடத்தைப் பற்றியதாகும். இணையத்தில் பூர்த்தி செய்யும் படிவங்களில் தேதிக்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டவுடன் சிறு நாட்காட்டி ஒன்று விரிகிறது. அதில் சில நாட்கள் கருத்தும் சில நாட்கள் வெளிறியும் தோன்றுகின்றன. கருத்த நாளைத் தொட்டால் ஏற்றுக்கொள்ளுகிறது; வெளிறிய நாளை எத்தனை தடவை அழுத்தினாலும் அசைவதில்லை. எந்த நாள் வெளிற வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள், அது பிசகினால் நஷ்டம் யாரைச் சேருகிறது என்பவற்றில் எனக்குத் தோன்றும் அபிப்பிராயத்தை வெளியிட விரும்புகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் இவ்வட்டாரத்துக் கண்மாய்ப் பாசனக் கிராமமொன்றில், அறுபது வயதைக் கடந்த ஒரு குடியானவர் தமது ஒன்றரை ஏக்கர் நிலத்தில் புழுதி விதைப்பாக நெல் விதைத்தார். விதைத்தது புரட்டாசி 11, அதாவது செப்டம்பர் 27. கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைப் பார்வையிட்டு, அதே தேதியைச் சான்றில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பெரியவர் அச்சான்றை எடுத்துக்கொண்டு பயிர்ப் பாதுகாப்புக்கான ஒரு படிவத்தைப் பதிவு செய்யச் சென்றார். அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பையன் விதைத்த தேதியைக் குறிக்க முற்பட்டபோது நாட்காட்டி அக்டோபர் 1 முதல்தான் திறந்தது. செப்டம்பர் மாதம் முழுவதும் வெளிறிக் கிடந்தது. பின்னால் வரிசை நீண்டு நின்றது. பையன் அக்டோபர் 1-ஐத் தொட்டான், படிவம் போய்விட்டது. “நாலு நாள் வித்தியாசம்தானே தாத்தா, இதில் என்ன ஆகிவிடப் போகிறது?” என்றானாம்.

மார்கழி மாதத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சான்றில் கண்ட தேதியும் படிவத்தில் கண்ட தேதியும் ஒத்திருக்கவில்லை என்பது காரணம். கட்டிய பிரீமியத் தொகை திரும்பிற்று. திருத்தி அனுப்பலாமென்றால் பதிவுக் காலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அவ்வருஷம் தை மாதத்தில், அறுவடைக்கு நின்ற கதிர் பருவந்தப்பிய மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. பெரியவர் என்னிடம் வந்து சான்றையும் பதிவுச் சீட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “தம்பி, நான் விதைச்ச நாளைச் சொன்னேன். வி.ஏ.ஓ. ஐயா பாத்த நாளை எழுதுனாரு. பொய் சொன்னது யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க” என்றார். எனக்கு அப்போது விடை தோன்றவில்லை.

பிற்பாடு யோசித்துப் பார்க்கையில் அந்தப் பையனையும் என்னால் குறைகூற முடியவில்லை. படிவம் அவனுக்கு மூன்றாவது வழி எதையும் வைக்கவில்லை. பொய்யான தேதியைக் கொடுத்தால் உள்ளே போகலாம். மெய்யான தேதியைச் சொன்னால் வெளியே நிற்கலாம் என்று கதவைச் செய்துவிட்டால், வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள்? அன்று அந்த மையத்தில் பதிவான புழுதி விதைப்புகள் யாவும் அக்டோபர் 1 அன்றே விதைக்கப்பட்டவையாகத்தான் கணக்கில் ஏறியிருக்கும். அந்தக் கணக்கை நம்பி எங்கள் இலாகா களையெடுப்புக்கும் மேலுரத்துக்கும் நாள் குறித்தால் அதுவும் பிசகாகவே முடியும்.

தேதிப் பெட்டி எவ்விதம் வேலை செய்கிறது என்பதைக் குடியானவர்கள் ஓரளவு தெரிந்துகொள்வது நலம். படிவத்தை எழுதுகிறவர் பெட்டிக்கு ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் விதிக்கலாம். கீழெல்லைக்கு முந்திய நாட்களும் மேலெல்லைக்குப் பிந்திய நாட்களும் வெளிறிவிடும். எத்தனை நாளுக்கு ஒரு நாள் திறக்க வேண்டுமென்றும் விதிக்கலாம்; ஏழு என்று எழுதிவிட்டால், வாரத்தில் ஒரு கிழமை மட்டுமே திறக்கும். செய்கிறவருக்கு இது இரண்டு வரி வேலை. எளிதாயிருப்பதாலேயே சில சமயங்களில் யோசனையின்றிச் செய்துவிடுகிறார்கள். இந்தக் காவல் வாசலில் நிற்கும் காவல் மாத்திரமே என்பதையும் குறிப்பிட வேண்டும். விவரம் போய்ச்சேரும் இடத்திலுள்ள கம்ப்யூட்டரும் அதே எல்லையைக் கொண்டு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். வாசலில் ஓர் எல்லையும் உள்ளே வேறோர் எல்லையும் இருந்துவிட்டால், அரை மணி நேரம் உட்கார்ந்து சர்வே நம்பர், உட்பிரிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தியபின் ‘தேதி பிழை’ என்று வரும். இதைவிட மோசமானது மற்றொன்று உண்டு. சில படிவங்களில் எல்லைக்கு வெளியேயுள்ள தேதியைக் கையால் தட்டி எழுதினால், யாதொரு எச்சரிக்கையுமின்றி அதை அருகிலுள்ள எல்லைத் தேதிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எழுதியவர் தாம் எழுதியதே பதிவாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

தேதிக்கு எல்லையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரப்பே வேண்டாமென்பதை ஒக்கும். எல்லையினால் உண்டாகும் அனுகூலங்களை நான் தினமும் பார்க்கிறேன். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கப்படி அமைந்த கைபேசியில் மாதம் முன்னும் நாள் பின்னும் தோன்றும். நவம்பர் 5-ஆம் தேதி விதைத்தவர் 5, 11 என்று தட்டினால் அது மே மாதம் 11-ஆம் தேதியாகிவிடும். சம்பாப் படிவத்தில் மே மாதம் மூடப்பட்டிருந்தால் பிசகு அங்கேயே அகப்பட்டுவிடும். ஜனவரி பிறந்த பிறகும் பழைய வருஷத்தையே எழுதும் கை நம்மெல்லோருக்கும் உண்டு. அதையும் எல்லை தடுத்துவிடும். செப்டம்பர் 31 என்றோ, 2023-ஆம் வருஷத்துப் பிப்ரவரி 29 என்றோ எவரும் எழுத முடியாதபடி செய்வது எல்லோருக்கும் நன்மையே.

எல்லைக்குப் பின்னால் ஓர் உண்மையான விதி நிற்குமானால் அதற்கும் நான் விரோதியல்லன். ரயிலில் முன்பதிவு செய்வதற்கு முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு அப்பாலுள்ள நாளைப் பெட்டி திறக்க மறுப்பது நியாயம். விதி மாறியபோது எல்லையும் மாறிற்று. விதியையும் எல்லோருக்கும் அறிவித்தார்கள். பிரதம மந்திரியின் கிசான் உதவித்தொகைக்கு 1-2-2019 அன்று நிலம் தம் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவ்விதியிலேயே, நிலச் சொந்தக்காரர் இறந்து வாரிசு முறையில் பெயர் மாறியிருந்தால் அதற்கு விலக்கு இருக்கிறது. அவ்விதமாயின் நிலம் பெயருக்கு வந்த தேதியைக் கேட்கும் படிவம் எதுவும் அந்தத் தேதிக்குப் பிந்தியவற்றை அடியோடு மூடிவிடக் கூடாது. வாரிசுப் பாத்தியத்தால் வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டுத் திறக்க வேண்டும். விதியில் உள்ள விலக்கு பெட்டியில் இல்லாமற் போனால், அந்தப் பெட்டியைச் செய்தவர் தம்மையறியாமலே விதியைத் திருத்தி எழுதியவராகிறார். சர்க்கார் செய்த காரியத்தைத் திருத்த அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இனி விதைத்த தேதிக்கு வருகிறேன். இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது.

நமது வட்டாரத்தில் பெரும்பாலும் செம்மண் பூமி. மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமே கதி. காவேரி கரைபுரண்டு வரும் கீழ்த்தஞ்சைப் பகுதியைப் போல, அணை திறக்கும் நாளை வைத்து இங்கே விதைப்பைக் கணக்கிட முடியாது. வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அது ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். அதை எதிர்பார்த்து, புரட்டாசியில் கிடைத்த மழை ஈரத்தில் உழுது புழுதியாக்கி, காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிடுகிற வழக்கம் இங்கே உண்டு. விதை மண்ணில் காத்துக் கிடக்கும். நல்ல மழை இறங்கினால் முளைக்கும். இப்போது விதைத்த தேதி எது? விதையைத் தெளித்த நாளா, மழை பெய்து முளை கிளம்பிய நாளா? பயிரின் வயதை மழை பெய்த நாளிலிருந்து எண்ணுவதே எங்கள் வழக்கம். பணத்தையும் விதையையும் மண்ணில் போட்ட நாள் எதுவென்று கேட்டால் குடியானவர் முதல் நாளைத்தான் சொல்வார். இரண்டும் மெய்யே. நாற்றுவிட்டு நடுகிறவருக்கோ, நாற்றுப் பாவிய நாள், நட்ட நாள் என்று இரண்டு நாட்கள். இடையே ஏறக்குறைய ஒரு மாதம். ஒரே கண்மாயின் கீழ் மூன்று இடத்தில் நிலம் உள்ளவருக்குத் தலைமடையில் ஒரு தேதி, கடைமடையில் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி. படிவம் இவ்வளவையும் ஒரே பெட்டியில் அடைத்து, அதற்கும் ஒரு பூட்டைப் போடுகிறது.

பழைய நாளில் அடங்கலில் பயிர் ஏறிய மாதத்தையும் அறுவடை மாதத்தையும் கர்ணம் எழுதினார். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். கர்ணங்கள் எழுதியதெல்லாம் மெய்யென்று சாதிக்க நான் வரவில்லை. அதைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கும் பெரியவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் காகிதம் ஒருபோதும் மெய்யை மறுத்ததில்லை. எழுதுகிறவர் நேர்மையுள்ளவராயிருந்தால் புரட்டாசி என்று எழுதலாம். பக்கத்தில் ‘புழுதி விதைப்பு, மழைக்குக் காத்திருக்கிறது’ என்று ஒரு குறிப்பும் சேர்க்கலாம்.

காலத்தைக் குறிக்கும் முறையும் நம்மிடையே ஒன்றாக இல்லை. குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலிலுள்ள பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் அரசனது ஆட்சியாண்டு வருகிறது. ஜமாபந்தியில் பசலி வருகிறது. வயலில் தமிழ் மாதமும் பட்டமும். படிவத்திலோ ஆங்கிலத் தேதி. பசலி வருஷம் ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் முடியப் பசலி 1435. இது நம் பயிர்க்காலத்துக்கு மிகப் பொருந்திய ஏற்பாடு. ஐப்பசியில் விதைத்துத் தையில் அறுக்கிற சம்பா, ஒரே பசலிக்குள் அடங்கிவிடும். ஆங்கில வருஷமோ நடுவில் முறிந்துவிடும். ‘நடப்பு வருஷம்’ என்று ஜனவரி 1-ஆம் தேதியைக் கீழெல்லையாக வைத்த படிவத்தில், ஜனவரி 10-ஆம் தேதி பயிர்ச்சேதம் தெரிவிக்க வருகிறவர் சென்ற அக்டோபரில் விதைத்ததை எவ்விதம் எழுதுவார்? எல்லை வைக்கிறவர்கள் பசலியை நினைவில் வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பதிவுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதும், விதைத்த தேதிக்கு எல்லை வைப்பதும் வெவ்வேறு காரியங்கள். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் என்பது என் எண்ணம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபிப் பருவத்து உணவுப் பயிருக்குக் குடியானவர் செலுத்த வேண்டிய பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. மிச்சத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்கின்றன. பதிவுக்குக் கடைசி நாள் இல்லாவிட்டால், புயல் அடித்துப் பயிர் சாய்ந்த பிறகு பிரீமியத்தைக் கட்ட ஆட்கள் வருவார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜாப் புயல் நம் மாவட்டத்தைத் துவம்சம் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை எவ்வளவு இயற்கை என்பது தெரியும். ஆனால் அவ்விதம் ஏற்றுக்கொண்டால் எந்தக் காப்பீடும் நிலைக்காது. ஆகவே பதிவு செய்யும் நாளை இறுக்கமாகப் பூட்டுவது சரியே. அந்த நாளை யாரையும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, கம்ப்யூட்டருக்கே தெரியும்.

சம்பா நெல்லுக்கு நவம்பர் 15 கடைசி நாளென்று அறிவிப்பதும், மழையின் போக்கையும் குடியானவர்களின் கோரிக்கையையும் கண்டு பிற்பாடு நீட்டிப்பதும் வழக்கமாகிவிட்டது. 2023-இல் நவம்பர் 22 வரையிலும், 2024-இல் நவம்பர் 30 வரையிலும் நீட்டித்தார்கள். நவம்பர் 15 என்பது ஐப்பசி முடிய ஓரிரு நாள் இருக்கும் சமயம். மழை பிந்திய வருஷத்தில் நமது கண்மாய்களில் அப்போதுதான் தண்ணீர் சேரும். நடவு கார்த்திகையில்தான் நடக்கும். நீட்டிப்பு உத்தரவு வருகிறது. ஆனால் உத்தரவு பிறக்கிற நாளும் படிவத்தின் பூட்டு திறக்கிற நாளும் ஒன்றாயிருக்க வேண்டுமே! எல்லைத் தேதியைப் படிவத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால், அதை மாற்றச் செய்தவரையே தேடிப் பிடிக்க வேண்டும். தனியாக ஓர் அட்டவணையில் வைத்து, பொறுப்புள்ள உத்தியோகஸ்தர் அன்றே மாற்றும்படி செய்தால் காரியம் ஐந்து நிமிஷம். பதிவின் கடைசி நாளை மாத்திரம் நீட்டி, விதைத்த தேதியின் மேலெல்லையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் நீட்டித்தும் பிரயோஜனமில்லை. நவம்பர் 20-இல் நட்டவர் நவம்பர் 15 என்று பொய் எழுதியே உள்ளே போக நேரிடும்.

பின்விதைப்பை எல்லா வகைக்கும் ஒரேமாதிரி அனுமதிக்கலாகாது என்பதையும் விவசாய முறையில் நான் ஒப்புக்கொள்ளுகிறேன். சி.ஆர். 1009 ஏறக்குறைய 155 நாள் நிற்கும். நவம்பர் மத்தியில் அதை விதைத்தால் அறுவடை ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் போகும். அதற்குள் நம் கண்மாயில் ஆடுமாடு இறங்கித் தரையை மேயும். கோ 51 சுமார் 105 முதல் 110 நாள்தான். நவம்பர் 25-இல் விதைத்தாலும் மாசிக் கடைசியில் கதிர் களத்துக்கு வந்துவிடும். ஆகவே எல்லையை வகையோடு சேர்த்து வைப்பதே அறிவுள்ள ஏற்பாடு. வகையை முதலில் கேட்டு, அதற்கேற்ப நாட்காட்டியைத் திறப்பது கம்ப்யூட்டருக்குக் கஷ்டமான வேலையன்று. சம்பா என்ற ஒரே பெயரின்கீழ் எல்லாவற்றையும் போட்டு ஒரே பூட்டைத் தொங்கவிடுவதுதான் பிழை.

மேலெல்லை விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. விதைத்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்க முடியாது; அதை மூடுவது முற்றிலும் சரி. ஆனால் விதைக்கப் போவதாக எழுதிக்கொடுத்துப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. ஒரு கிராமத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் விதைக்கவே முடியாமற் போனால் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு கிடைக்கும் என்ற ஷரத்து அவர்களை உத்தேசித்தே ஏற்பட்டது. அவர்களிடம் ‘விதைத்த தேதி’ என்று கேட்டுவிட்டு, வருங்காலத் தேதியையும் மூடினால் அவர்கள் எதைத் தொடுவார்கள்? ‘விதைக்கக் கருதும் தேதி’ என்று தனிப் பெட்டி வைக்க வேண்டியதுதான் முறை.

சேதத்தைத் தெரிவிக்கும் படிவத்தில் ஒரு நாள் அல்ல, ஒரு மணியும் பெரிது. ஆலங்கட்டி, வெள்ளம் முதலியவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது விதி. திங்கட்கிழமை இரவு 10 மணிக்குக் கண்மாய் உடைந்து வயலில் மண் மூடியதென்று வைத்துக்கொள்வோம். 72 மணி நேரம் வியாழக்கிழமை இரவு 10 மணி வரையில் இருக்கிறது. ஆனால் மணியைக் கேளாமல் தேதியை மட்டும் கேட்டு, ‘இன்றும் முந்திய இரண்டு நாளும்’ என்று எல்லை வைத்த படிவம் வியாழனன்று காலையிலேயே திங்கட்கிழமையை மூடிவிடும். விதி கொடுத்த நேரத்தில் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதையும் பெட்டி விழுங்கிவிடுகிறது. அந்தப் பகலில்தான் குடியானவர் தண்ணீர் வடிந்து வயலுக்குள் இறங்கிப் பார்த்திருப்பார்.

விடியற்காலையில் எழுந்து படிவம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். கம்ப்யூட்டர்கள் பல, உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தைக் கொண்டு நாளை எண்ணுகின்றன. அது நமது நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. அதைத் திருத்தாமல் விட்ட படிவத்துக்கு நமது காலை 5.30 மணி வரையில் நேற்றைய தேதிதான் ‘இன்று’. நான்கு மணிக்கே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கைபேசியை எடுப்பவரிடம், இன்றைய தேதி இன்னும் பிறக்கவில்லை என்று அது சாதிக்கும். இதே பிசகினால், நாம் குறித்த தேதி ஒரு நாள் குறைந்து பதிவாவதும் உண்டு: நவம்பர் 15-ஐத் தொட்டவர் சீட்டில் நவம்பர் 14 என்றிருக்கும். ஆகையால் பதிவுச் சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்குமுன் அதிலுள்ள தேதியை ஒருமுறை வாசித்துக் கேட்க வேண்டும். எழுத்து வாசனை இல்லாதவர்கள் மையத்தில் உள்ளவரையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லை வைப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், முடியாத தேதியை மூடுங்கள், சந்தேகமான தேதியைக் கேளுங்கள் என்பேன். இல்லாத நாளும், நடந்த காரியத்துக்கு வருங்கால நாளும் முடியாதவை. புரட்டாசியில் சம்பா விதைப்பு என்பது முடியாததன்று. வழக்கத்துக்குச் சற்று முந்தியது, அவ்வளவே. அதற்கு நாட்காட்டியை வெளிறச் செய்யாமல், ‘இந்தத் தேதி வழக்கமான காலத்துக்கு முந்தியது; காரணம் யாது?’ என்று கேட்டு, புழுதி விதைப்பு என்ற விடையைப் பெற்றுக்கொண்டு, பரிசீலிக்க வேண்டிய விண்ணப்பமென்று அடையாளமிட்டு ஏற்றால் என்ன குறைந்துவிடும்? உத்தியோகஸ்தர்கள் வயலுக்குப் போய்ப் பார்ப்பதற்கு அதுவே வழிகாட்டியாகும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையில் ஏற்கப்படும் என்பதைப் பெட்டியின் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைக்கவும் வேண்டும். வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, கூலியையும் விட்டுவிட்டு நின்ற பிறகுதான் பூட்டு தெரிய வேண்டுமா?

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லையைத் தளர்த்தினால் பொய்த் தேதி எழுதுகிறவர்கள் பெருகுவார்கள் என்று எங்கள் இலாகாவிலேயே சிலர் கூறுகிறார்கள். பொய் எழுதத் துணிந்தவருக்கு எந்த எல்லையும் தடையன்று. அவர் எல்லைக்கு உட்பட்ட ஒரு பொய்யை எழுதிக்கொண்டு போவார். பூட்டினால் தடுக்கப்படுகிறவர், எல்லைக்கு வெளியே மெய் விதைப்புச் செய்தவர் ஒருவரே. நம்மில் நாற்பதைக் கடந்த அநேகருடைய பிறந்த தேதி ஜூன் மாதத்தை ஒட்டி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது நிரம்ப வேண்டுமென்ற எல்லைக்காகத் தலைமை ஆசிரியர் கணக்குப் போட்டு எழுதிய தேதி அது. என் பிறந்த தேதியும் அப்படிப்பட்டதே. என் தாயார் சொல்லும் மாதம் வேறு. பென்ஷன் காகிதத்தில் இருக்கப்போகும் மாதம் வேறு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. படிவம் மறுக்குமே என்று பயந்து, ஏற்கும் தேதியைச் சான்றிலும் எழுதிக்கொடுக்கும் எண்ணம் எழலாம். குடியானவருக்கு உதவி செய்வதாகவே தோன்றும். ஆனால் அடங்கலில் ஒன்றும் சான்றில் ஒன்றுமாகப் போனால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் படிவத்தைச் செய்தவரல்லர், கையொப்பமிட்டவரே. பார்த்த தேதியையே எழுதி, புழுதி விதைப்பா, நேரடி விதைப்பா, நடவா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நாற்றுப் பாவிய நாளும் நட்ட நாளும் இரண்டும் இருக்கட்டும்.

குடியானவர்கள், விதைக்கிற அன்றே வீட்டுக் காலண்டரில் சர்வே நம்பரையும் வகையையும் குறித்துக்கொள்ளவும். பதிவு செய்யும் இடத்தில் பெட்டி உண்மைத் தேதியை மறுத்தால் வேறு தேதியைத் தொடச் சம்மதியாமல், வெளிறிய நாட்காட்டி தெரியும்படி கைபேசியில் ஒரு படம் பிடித்து, கடைசித் தேதிக்கு முன்பாகவே வட்டார அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அந்தப் படத்தைக் காட்டலாம். குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் இவ்வருஷம் புழுதி விதைப்புச் செய்கிறவர்கள் விதைத்த நாளையும் முளைத்த நாளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் சேர்ப்பித்தால் நன்றியுள்ளவனாயிருப்பேன். இங்கே விதைப்பு மெய்யாக என்றைக்குத் தொடங்குகிறது என்பதற்கு அந்தக் காகிதங்களே அத்தாட்சி. கீழெல்லையை முன்னே தள்ள வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதும்போது அவற்றை இணைத்து அனுப்ப எண்ணியிருக்கிறேன். முதல் காகிதம் அந்தப் பெரியவருடையது. ஏற்கெனவே என் மேசையில் இருக்கிறது.